சாட்சியம் மறைத்த சான்றோர்கள்

சென்ற மாதம் மஃரிபுத் தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தேன். முன்னர் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். இன்று நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். பேச்சு கிரிக்கெட் பந்தயம் ஒன்றைப் பற்றித் திரும்பியது. ஓர் ஆட்டக்காரர் அணியில் சேர்க்கப்படாதது நீதியா என்று யாரோ கேட்டதற்கு, மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "விளையாட்டு வேறு, அரசியல் வேறு, ஹஜ்ரத். அங்கே தகுதி ஒன்றைத்தான் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் நாமாகக் கற்பித்துக்கொள்வது."

அவர் தீய எண்ணத்துடன் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இதனையே நம்புகின்றனர். தகுதி உள்ளவன் மேலே வருவான், தகுதி இல்லாதவன் கீழே நிற்பான், இடையில் எவனும் தராசைத் தொடுவதில்லை என்பது அவர்கள் எண்ணம். நான் அன்று விடை கூறவில்லை. கூறவேண்டிய விடை ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறாக இருந்தது. திண்ணையில் சொல்லி முடியாத அதனை இங்கு எழுதுகிறேன்.

அம்மனிதர் பேசில் டி ஒலிவேரா. இங்கிலாந்துக்காக 44 டெஸ்ட் பந்தயங்களில் ஆடி, 5 சதங்களுடன் 2,484 ஓட்டங்கள் எடுத்து, 47 விக்கெட்டுகளையும் வீழ்த்தியவர். கணக்குப் புத்தகத்தில் அவரைவிடப் பெரிய எண்களை உடையவர்கள் பலர். ஆயினும் 'தகுதி' என்னும் சொல்லை யார் யார் எவ்வெவற்றிற்குப் போர்வையாக்குகிறார்கள் என்பதை அவர் கதை காட்டுவதுபோல் மற்றொன்று காட்டாது.

குன்றின் சரிவில் பிறந்தவர்

ஒலிவேரா 1931ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் பிறந்தார். அந்நகரின் சிக்னல் குன்றின் சரிவில் ஏழைகள் வாழும் தெருக்களில் வளர்ந்தார். அவர் கத்தோலிக்கர். அக்குன்றை ஒட்டியே போ-காப் என்னும் பழைமையான முஸ்லிம் குடியிருப்பும் உள்ளது. ஜாவாவிலிருந்தும், வங்கத்திலிருந்தும், நமது சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக்காரர்கள் அடிமைகளாக விலங்கிட்டுக் கொண்டுசென்றவர்களின் இரத்தம் அந்நகர மக்களில் கலந்திருக்கிறது.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அப்போது ஒலிவேராவுக்கு வயது பதினாறு. 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டமும் குடியிருப்புப் பகுதிச் சட்டமும் பிறந்தன. முதற்சட்டம் ஒவ்வொரு மனிதனுக்கும் நிறத்தால் ஒரு முத்திரை குத்தியது. இரண்டாஞ்சட்டம் அம்முத்திரையைப் பார்த்து அவன் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று விதித்தது. ஒலிவேராவின் மீது குத்தப்பட்ட முத்திரை 'கலப்பினத்தார்' என்பது. அந்த முத்திரை உடையவன் எத்துணை வல்லவனாயினும் தன் நாட்டு அணியில் ஆட இயலாது. நியூலாண்ட்ஸ் மைதானத்தில் பந்தயம் பார்ப்பதற்கும் அவனுக்குத் தனி மூலை. அந்த மூலையிலிருந்த மக்கள் தம் நாட்டு அணியை வாழ்த்தியதில்லை. வந்த விருந்தாளி அணிக்கே கைதட்டினர். சொந்த வீட்டில் அந்நியனாக்கப்பட்டவன் வேறென்ன செய்வான்?

அவர்கள் தமக்கென்று சங்கங்கள் அமைத்து, கரடுமுரடான பொட்டல்களில் பாய் விரித்து ஆடினார்கள். ஒலிவேரா அங்கே எழுபது நிமிடங்களில் 225 ஓட்டங்கள் குவித்தார் என்பர். 1956இல் கென்யாவிலிருந்து வந்த அணிக்கு எதிராக, வெள்ளையர் அல்லாதாரின் தென்னாப்பிரிக்க அணிக்குத் தலைமை தாங்கினார். 1958இல் அந்த அணியைக் கிழக்காப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அதற்கு அப்பால் அவருக்குப் போக வழியில்லை. கதவு பூட்டியிருந்தது. பூட்டியவர்கள் அதற்குச் சொன்ன பெயர் ஒழுங்கு.

பச்சை மையில் ஒரு வேண்டுகோள்

வாய்ப்பு கேட்டு அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வானொலி வருணனையாளர் ஜான் ஆர்லட்டுக்குக் கடிதம் எழுதினார். முன்பின் அறியாத ஒருவர் பச்சை மையில் எழுதியனுப்பிய அக்கடிதத்தை ஆர்லட் குப்பைக்கூடையில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. நண்பர்களைத் துணைக்கொண்டு பலரிடம் கேட்டுக் கேட்டு, 1960ஆம் ஆண்டுப் பருவத்திற்கு லங்காஷயரின் மிடில்டன் என்னும் சிற்றூர்ச் சங்கத்தில் ஓர் இடம் பெற்றுத் தந்தார். ஊதியம் 450 பவுன். கப்பல், விமானக் கட்டணத்திற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே கேப்டவுனின் எளிய மக்கள் பந்தயங்கள் நடத்தியும் வீடு வீடாகத் திரட்டியும் வழிச்செலவு சேர்த்தனர். தம்மில் ஒருவன் எங்காவது போய்த் தாம் மனிதர்தாம் என்று நிரூபிக்கட்டும் என்னும் தவிப்பு அந்தக் காசுகளில் இருந்தது. இது பெரிய அமானிதம். இதனை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கிலாந்தில் வந்திறங்கிய ஒலிவேரா, விமான நிலையத்தில் தம்மைப் போன்றோருக்கான தனிவாயில் எங்கே என்று தேடினார். உணவகத்தில் வெள்ளையர் தமக்குப் பரிமாறுவதைக் கண்டு கூசினார். முப்பதாண்டுகளாக ஒரு மனிதனின் உள்ளத்தில் சட்டம் எழுதிய எழுத்து அத்துணை ஆழமானது. முதற்சில வாரங்கள் அவருக்கு ஓட்டமே வரவில்லை. ஈரமான ஆடுகளமும் குளிரும் அவருக்குப் புதியவை. ஆனால் அப்பருவம் முடிந்தபோது அந்த லீகின் சராசரிப் பட்டியலில் அவர் பெயர் முதலில் நின்றது. அதே லீகில் ஆடிய மேற்கிந்தியத் தீவுகளின் கார்பீல்டு சோபர்ஸ் பெயர் அதற்குக் கீழே இருந்தது.

பின்னர் உஸ்டர்ஷயர் மாவட்ட அணியில் இடம் கிடைத்தது. அவர் முழுமையாக ஆடிய 1965ஆம் ஆண்டில் அவ்வணி மாவட்டச் சாம்பியன் ஆயிற்று. பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற அவர் 1966 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடினார். அதே 1966 பிப்ரவரியில்தான் கேப்டவுனின் ஆறாம் வட்டம் என்னும் பகுதி 'வெள்ளையர்க்கு மட்டும்' என்று அறிவிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த சுமார் அறுபதாயிரம் பேரின் வெளியேற்றத்திற்கு வழி திறக்கப்பட்டது. இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று இன்னமும் சொல்ல வாய் வருகிறதா?

இங்கே ஒரு குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒலிவேரா இங்கிலாந்தில் தம் வயதைக் குறைத்துக் கூறினார். உண்மை வயதைச் சொல்லியிருந்தால் முப்பத்து நான்கு வயதுப் புதுமுகத்தை எந்தத் தேர்வாளரும் ஏறெடுத்துப் பார்த்திருக்கமாட்டார் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். பொய் பொய்தான். மாணவர்க்கு வாய்மை போதிக்கும் நான் அதனை மெய் என்று ஆக்கமாட்டேன். ஆயினும் அவரிடமிருந்து பத்தாண்டுகளைத் திருடியது யார்? திருட்டுக் கொடுத்தவன் தன் பொருளில் சிறிது கூடுதலாக எழுதிக் கேட்டான் என்பதற்காகத் திருடனை விட்டுவிட்டு அவனைக் கூண்டில் ஏற்றுவோமா?

ஓவல் மைதானமும் அதன் பின்னும்

1968ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா செல்ல ஏற்பாடாகி இருந்தது. அணியை அனுப்புவது மேரில்போன் கிரிக்கெட் கழகம், அதாவது எம்.சி.சி. ஒலிவேரா அந்த அணியில் இடம்பெறுவாரா என்பது அன்றைய பெருங்கேள்வி. அவ்வாண்டு ஆஸ்திரேலியாவுடன் நடந்த முதல் டெஸ்டில் தோல்விக்கு நடுவே ஆட்டமிழக்காமல் 87 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த டெஸ்டிலேயே நீக்கப்பட்டார். கடைசி டெஸ்டுக்கு ஒருவர் உடல்நலமின்றி விலகியதால், எதிர்பாராமல் அழைக்கப்பட்டார்.

ஓவல் மைதானத்தில் ஆகஸ்ட் 23ஆம் நாள் அவர் 158 ஓட்டங்கள் எடுத்தார். கடைசி நாளில் மழை வெள்ளத்தைப் பார்வையாளர்களே இறங்கித் துடைத்து ஆடுகளத்தைக் காயவைத்தனர். அசையாது நின்ற ஒரு கூட்டணியை ஒலிவேராவின் பந்துவீச்சுத்தான் உடைத்தது. இங்கிலாந்து வென்று தொடரைச் சமன் செய்தது. அன்று ஆகஸ்ட் 27. அன்றிரவே தேர்வுக் குழு கூடி நள்ளிரவு தாண்டியும் பேசியது. மறுநாள் தென்னாப்பிரிக்கா செல்லும் அணியின் பெயர்கள் வானொலியில் வாசிக்கப்பட்டன. அன்றும் உஸ்டர்ஷயருக்காகச் சதம் அடித்துவிட்டு உடைமாற்றும் அறையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார் ஒலிவேரா. அவர் பெயர் வரவில்லை. அவர் உடைந்து அழுதார்.

தேர்வுக் குழுவின் தலைவர் டக் இன்சோல் காரணம் கூறினார். வெளிநாட்டு ஆடுகளங்களைக் கருதி, ஒலிவேராவை மட்டைவீரராக மட்டுமே எண்ணிப் பார்த்தோம், அவரைவிடச் சிறந்த மட்டைவீரர்கள் இருந்தனர் என்பது அதன் சாரம். தகுதியாம், தூய தகுதியாம்!

மூன்று வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 16ஆம் நாள் டாம் கார்ட்ரைட் காயத்தால் விலகினார். அவர் பந்துவீச்சாளர். அவருக்குப் பதில் யாரை எடுத்தார்கள்? மட்டைவீரராக மட்டுமே கருதத் தக்கவர் என்று சொல்லப்பட்ட ஒலிவேராவை! அப்படியானால் ஆகஸ்டில் சொன்ன காரணம் உண்மையா, செப்டம்பரில் செய்த செயல் உண்மையா? இரண்டில் ஒன்று மற்றதைப் பொய்யாக்குகிறது. இடையில் ஒலிவேரா புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நாட்டில் கூச்சல் எழுந்திருந்தது. கழக உறுப்பினர் சிலர் பதவி துறந்திருந்தனர். அவ்வளவுதான்.

மறுநாள் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டர் புளூம்ஃபாண்டெய்ன் நகரில் பேசினார். வருவது கிரிக்கெட் கழகத்தின் அணியன்று, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி, அதனை ஏற்கமாட்டோம் என்றார். செப்டம்பர் 24இல் சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது.

பூட்டிய மேசைக்குள் ஒரு கடிதம்

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. என் வழக்கு இனித்தான் தொடங்குகிறது.

அவ்வாண்டு ஜனவரியிலேயே கழகம் தென்னாப்பிரிக்காவுக்கு எழுதி, நாங்கள் தேர்ந்தெடுக்கும் எவரையும் ஏற்பீர்களா என்று கேட்டது. விடை வரவில்லை. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் அலெக் டக்ளஸ் ஹியூம் அங்குச் சென்று ஃபோர்ஸ்டரைக் கண்டு திரும்பி, இப்போது வற்புறுத்தவேண்டாம், பொறுத்திருப்போம் என்று யோசனை சொன்னார். மார்ச் மாதத்தில் லார்டு காபம் ஃபோர்ஸ்டரைச் சந்தித்தார். இவர் கழகத்தின் முன்னாள் தலைவர். ஒலிவேராவின் உஸ்டர்ஷயருக்கே ஒரு காலத்தில் அணித்தலைவராக இருந்தவர். ஃபோர்ஸ்டர் அவரிடம் மனம் திறந்தே சொன்னார்: ஒலிவேரா வந்தால் பயணம் நடவாது. காபம் இதனைக் கடிதமாக எழுதியனுப்பினார். அது செயலாளர் கிரிஃபித், பொருளாளர் ஆலன், தலைவர் கில்லிகன் ஆகிய மூவர் கைக்கு வந்தது.

மூவரும் அதனைப் படித்தனர். படித்துவிட்டு மறைத்தனர். கழகத்தின் முழுக் குழுவுக்கும் அது காட்டப்படவில்லை. ஆகஸ்டு 27ஆம் நாள் இரவுக் கூட்டத்தில் வாதம் நடந்தபோதும் உண்மை மேசைமேல் வைக்கப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், முன்னாள் இங்கிலாந்து அணித்தலைவரும் பாதிரியாருமான டேவிட் ஷெப்பர்ட் முதலியோர் கூட்டிய சிறப்புக் கூட்டத்தில் கண்டனத் தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது. வாக்களித்தவர்களுக்கு அக்கடிதம் இருப்பதே தெரியாது. 1969 ஏப்ரலில்தான் செய்தித்தாள் வழியாக அது வெளியே வந்தது.

ஃபிக்ஹு நூல்களில் 'கிதாபுஷ் ஷஹாதாத்' என்று சாட்சியம் பற்றிய தனிப் பகுதி உண்டு. பொய்ச்சாட்சி சொல்வது பெரும்பாவம் என்பதை எல்லாரும் அறிவோம். ஆனால் அறிந்த சாட்சியத்தைக் கேட்கப்படும் வேளையில் மறைப்பதும் பாவமே. அதற்குக் 'கித்மான்' என்று பெயர். பொய் சொல்பவன் வாயால் பாவம் செய்கிறான். மறைப்பவன் உள்ளத்தால் செய்கிறான். தமிழிலோ 'சான்று', 'சான்றோர்' இரண்டும் 'சால்' என்னும் ஒரே வேரினின்று கிளைத்தவை. நிறைவுடையவனே சான்றோன், உண்மைக்கு நிறைவு தருவதே சான்று. சான்றை மறைத்தவன் எவ்வாறு சான்றோன் ஆவான்? இலண்டனின் அந்தப் பெருமக்கள் நல்ல குடும்பத்தினர், நயத்தக்க நாகரிகர், எவரையும் கடிந்து பேசாதவர். அவர்கள்தாம் மறைத்தார்கள்.

எனவே நான் கூறுவேன்: அந்த விவகாரத்தில் ஒலிவேராவுக்கு நேர்ந்த பெருந்தீங்கைச் செய்தவர் ஃபோர்ஸ்டர் அல்லர். ஃபோர்ஸ்டர் ளாலிம், ஐயமில்லை. ஆனால் அவர் தம் அநீதியை மேடையேறிச் சொன்னார். உலகம் கேட்டது, பயணம் நின்றது, வினை விளைந்தது. இலண்டன் பெரியோர்களோ அதே அநீதியைத் தங்கள் கையால் செய்துமுடித்து, அதன்மேல் 'தகுதி' என்னும் பட்டுத்துணியைப் போர்த்தினார்கள். கொடுங்கோலன் கதவை மூடினான். இவர்களோ கதவே இல்லை, உனக்குத்தான் நடக்கத் தெரியவில்லை என்றார்கள். முன்னதில் ஒருவன் உரிமையை இழக்கிறான். பின்னதில் தன்மேல் வைத்த நம்பிக்கையையும் இழக்கிறான். அந்த உடைமாற்றும் அறையில் ஒலிவேரா அழுதது பயணம் போனதற்காக மட்டுமா? தாம் போதவில்லையோ என்று ஒருகணம் எண்ணவைக்கப்பட்டாரே, அந்தக் கொடுமைக்காகவும்தான்.

"அவர்கள் கெட்ட எண்ணத்தோடு மறைக்கவில்லை, ஆட்டம் நடக்கவேண்டும், உறவு முறியக்கூடாது என்றுதான் பொறுத்தார்கள்" என்று வாதிடுவோர் உளர். இதற்கு அரபியில் மஸ்லஹத் என்று அழகான சொல் உண்டு, பொதுநலன் என்பது பொருள். எல்லா மறைப்பாளர்களும் அந்தச் சொல்லின் நிழலிலேயே ஒதுங்குகிறார்கள். ஆனால் நான் கேட்பது எளிய கேள்வி: அந்தப் பொதுநலனுக்கு விலை கொடுத்தவர் யார்? கிரிஃபித் கொடுத்தாரா, ஆலன் கொடுத்தாரா? பிறன் கழுத்தை அறுத்துத் தான் கொடுக்கும் குர்பானி எந்த மத்ஹபில் கூடும்?

விலை பேசியவர்களும் மறுத்தவர்களும்

அவ்வாண்டில் ஒலிவேராவை வாங்கவும் முயன்றார்கள். லார்ட்ஸ் டெஸ்டின்போது கழகச் செயலாளரே அவரிடம், நான் இங்கிலாந்து அணிக்கு வரவில்லை, தென்னாப்பிரிக்காவுக்கே ஆட விரும்புகிறேன் என்று நீரே அறிவித்துவிடும், சிக்கல் தீரும் என்று யோசனை கூறினார். பின்னர் தென்னாப்பிரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றைச் சார்ந்த ஒருவர் வந்தார். அங்கே பயிற்சியாளர் வேலை, ஆண்டுக்கு 4,000 பவுன் ஊதியம், ஒரே நிபந்தனை: அணி அறிவிக்கப்படும் முன் நானாக விலகுகிறேன் என்று சொல்லவேண்டும். மிடில்டனில் 450 பவுனுக்கு ஆட வந்தவர் அவர். மனைவி மக்கள் உண்டு. உண்மை வயது என்ன என்பதும், இன்னும் எத்தனை ஆண்டு ஆட முடியும் என்பதும் அவருக்கே தெரியும். அவர் மறுத்தார். கேப்டவுன் தெருக்களில் சேர்த்துத் தந்த அந்தக் காசுகளின் அமானிதத்தை அவர் விற்கவில்லை.

அவர் கொடி பிடித்தவர் அல்லர், மேடையில் முழங்கியவரும் அல்லர். போராட்டக்காரர்களில் சிலர் அவரை மென்மையானவர் என்று குறை கூறினர். 1959இல் மேற்கிந்திய வீரர் ஃபிராங்க் வோரெல் ஓர் அணியுடன் வந்து வெள்ளையர் அல்லாதாரோடு ஆட இருந்தார். அது நிறவெறிக்கு உடன்பட்டதாகும் என்று இயக்கத்தினர் எதிர்த்ததால் பயணம் நின்றது. ஒலிவேரா அப்போது மனம் வருந்தினார். அவருக்கு வேண்டியிருந்தது ஆட்டம். ஆயினும் சோதனை வந்த நாளில் அம்மென்மையானவர் அசையவில்லை. வீரம் சத்தத்தில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பக்கத்திலும் மறுத்தவர்கள் உண்டு. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அவ்வணியின் தூண்கள் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். ஒரு விளையாட்டு வீரனுக்கு அத்தகைய வாய்ப்பு வாழ்வில் மீண்டும் வருமோ வாராதோ! மறுபுறம், 1980களில் இங்கிலாந்து, இலங்கை, மேற்கிந்தியத் தீவுகள், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் ஆட்டக்காரர் சிலர் பெரும்பணத்திற்குத் தடையை மீறித் தென்னாப்பிரிக்கா சென்று ஆடினர். அங்குச் சென்ற கறுப்பின மேற்கிந்தியருக்கு 'கௌரவ வெள்ளையர்' என்னும் தகுதி தரப்பட்டது. ஒரு மனிதனை இழிவுசெய்ய இதைவிடப் பெரிய மரியாதை உண்டோ? இவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்ன வாசகம் என்ன தெரியுமா? விளையாட்டில் அரசியல் கூடாது!

கேப்டவுனில் ஓர் இமாம்

தென்னாப்பிரிக்கா வரவேண்டாம் என்றதால் 1969 தொடக்கத்தில் இங்கிலாந்து அணி பாகிஸ்தான் சென்றது. அங்கே அரசுக்கு எதிரான கிளர்ச்சி மூண்டிருந்தது. டாக்காவில் மைதானத்தின் ஒழுங்கையே மாணவர்கள்தாம் பார்த்துக்கொண்டனர். அங்கே கடினமான ஆடுகளத்தில் ஒலிவேரா ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் எடுத்தார். பிறந்த மண்ணில் நிற்கவிடாதவரை வங்கத்து மக்கள் கண்ணாரக் கண்டனர்.

அதே ஆண்டு கேப்டவுனில் நடந்ததையும் கேளுங்கள். கிளேர்மான்ட் பகுதியிலுள்ள பள்ளிவாசலின் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் நிறவெறியை எதிர்த்துப் பேசியவர், வதைக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவியவர். மே 28ஆம் நாள் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் இல்லை, வழக்குரைஞர் இல்லை. செப்டம்பர் 27ஆம் நாள் சிறைக்காவலிலேயே இறந்தார். மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று காவல்துறை கூறியது. அவர் உடலில் இருபத்தேழு காயங்கள் இருந்தன. படிகள் அத்துணை காயம் செய்யுமா என்று அன்றைய விசாரணை கேட்கவில்லை. 2023 அக்டோபரில்தான், ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அவர் சித்திரவதையால் இறந்தார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் மனைவி அதற்கு முன்பே மறைந்துவிட்டார்.

ஒரு மட்டைவீரரை மறுத்த கையும் ஓர் இமாமைக் கொன்ற கையும் ஒரே அரசின் கைகள். முதற்கை நீண்டபோது, இது வெறும் விளையாட்டு என்று ஒதுங்கியவர்கள் இரண்டாவது கை நீண்டபோது என்ன சொன்னார்கள்? மாடிப்படி என்றார்கள். 'தகுதி' என்பதும் 'மாடிப்படி' என்பதும் ஒரே அகராதியின் சொற்கள்.

நானும் ஒப்பமிட்டவன்

இவ்வளவும் எழுதிய பேனா என்னையும் விட்டுவைக்கலாகாது. பல ஆண்டுகளுக்கு முன், என் முப்பதுகளில், ஒரு கல்விக்கூடத்தில் அரபி ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் அமர்ந்தேன். வந்தவர்களில் ஓர் இளைஞர் மற்றவரைவிடத் தெளிவாக ஓதினார். இலக்கணக் கேள்விகளுக்குத் தடையின்றி விடையளித்தார். அவர் வெளியே சென்றதும் பெரியவர் ஒருவர் மெல்லச் சொன்னார்: "பையன் நல்ல பையன்தான். ஆனால் அவன் வாப்பா நம் ஊரில் முடிதிருத்துகிறவர். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் அவனுக்கு எழுந்து நிற்க வேண்டுமே?" எவரும் மறுத்துப் பேசவில்லை. குறிப்பேட்டில் 'அனுபவம் போதாது' என்று எழுதினார்கள். நானும் ஒப்பமிட்டேன்.

நாங்கள் எல்லாரும் ஜும்ஆவில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள். வெளியில் எங்களைப் பிறர் ஒதுக்கினால் குமுறுகிறவர்கள். அந்த இளைஞர் தமக்கு அனுபவம் போதவில்லை என்றே நம்பிப் போயிருப்பார். அவருக்குத் தாம் ஏன் மறுக்கப்பட்டோம் என்று அறியும் உரிமையையும் சேர்த்து மறுத்தோம். கிரிஃபித்தின் மேசையில் பூட்டிய கடிதத்தைப் பற்றிப் படித்த நாளில், அதன் ஒரு பிரதி என் மேசையிலும் கிடப்பதைக் கண்டேன்.

ஆகவே என் மாணவருக்குச் சொல்லும் விடை இதுவே. தம்பி, தகுதியை நான் இகழவில்லை. தகுதியைப் போற்றுகிறவன்தான் அதன் பெயரால் நடக்கும் மோசடியைக் கண்டு கொதிக்கவேண்டும். ஒருவர் மறுக்கப்பட்டார் என்றவுடன் அநீதி என்று கூவாதே, அதுவும் பொய்ச்சாட்சிதான். ஆனால் காரணம் என்ன என்று கேள். அந்தக் காரணம் மறுநாளும் நிற்கிறதா என்று பார். மேசைக்குள் என்ன பூட்டியிருக்கிறது என்று கேள். தேர்வு செய்யும் இடத்தில் நீ அமரும் நாளும் வரும். அன்று உனக்குத் தெரிந்த சாட்சியத்தை மறைக்காதே. கல்யாணப் பேச்சிலாகட்டும், நிர்வாகத் தேர்தலிலாகட்டும், வேலைக்கு ஆள் எடுப்பதிலாகட்டும், பெருமக்கள் மௌனமாக இருக்கும் அவைதான் மிக ஆபத்தான அவை.

கடைசியாக ஒரு செய்தி. 1970 முதல் டெஸ்ட் உலகத்திலிருந்து ஒதுக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா, 1991 நவம்பரில் கல்கத்தாவில் ஒருநாள் பந்தயம் ஆடித்தான் மீண்டும் உலக அரங்கில் நுழைந்தது. இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடக்கும் டெஸ்ட் தொடருக்கான கோப்பைக்குப் பின்னர் பேசில் டி ஒலிவேராவின் பெயரே சூட்டப்பட்டது. நடுக்குவாத நோயால் நலிந்திருந்த அவர் 2011 நவம்பர் 19இல் காலமானார். அதற்கு எட்டு மாதம் கழித்து, 2012 ஜூலையில், அவர் பெயர் தாங்கிய கோப்பைக்கான தொடரில், அவர் 158 எடுத்த அதே ஓவல் மைதானத்தில், ஒரு தென்னாப்பிரிக்க மட்டைவீரர் ஆட்டமிழக்காமல் 311 ஓட்டங்கள் எடுத்தார். அந்நாட்டு வரலாற்றில் டெஸ்டில் அதுவே முதல் முச்சதம். எடுத்தவர் டர்பனைச் சேர்ந்தவர், இந்திய வழித்தோன்றல், தாடி வைத்த தொழுகையாளி. பெயர் ஹாஷிம் ஆம்லா.

அவர் 1968இல் ஆட வந்திருந்தால் அவருடைய தகுதியும் 'போதாமல்' போயிருக்கும்.